முதல் வாளி வெந்நீர்

செந்துறையில் என் மாமனார் வீட்டில், தீபாவளியன்று விடிவதற்கு முன்பே பின்கட்டில் அண்டா நிறைய வெந்நீர் கொதிக்கும். அதில் முதல் வாளி மூத்த மருமகனுக்கு என்பது முறை. மூத்த பெண்ணைக் கட்டியவன் நான். ஆனாலும் என் கொழுந்தியாளுக்குக் கல்யாணமாகி, அந்த வீட்டுக்குச் சகலை வந்து சேர்ந்ததிலிருந்து அந்த முதல் வாளி எனக்கு விழுந்ததில்லை.

யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. தலையில் எண்ணெய் வைத்ததும் சகலை நேராக அடுப்பங்கரைக்குப் போவார். "அத்தை, எண்ணெ கண்ணுல எறங்குது. இன்னும் செத்த நேரம் போனா உங்க மக கைய புடிச்சித்தான் நான் நடக்கணும்" என்பார். என் மாமியார் சிரித்துக்கொண்டே வாளியை நிரப்பிக் கொடுத்துவிடுவார். நான் தோளில் துண்டோடு முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். நான் நிற்பது யார் கண்ணிலும் படாது. கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கத்தான் எனக்கு வராது.

நாங்கள் இருவரும் பெரம்பலூரில் ஒரே கடையில் வேலை பார்த்தோம். சோலார் வாட்டர் ஹீட்டர் விற்கிற கடை. சகலை வீடு வீடாகப் போய்ப் பேசி ஆர்டர் பிடிப்பார். நான் மொட்டை மாடியில் ஏறி மாட்டிக் கொடுப்பேன். பத்தாவது முடித்துவிட்டுப் பைப் வேலைக்குப் போனவன் நான். சகலையும் அதே படிப்புதான். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் காலேஜ் போனவர் என்று நினைப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் ஹீட்டர் விற்பதற்குப் பேச்சு வேண்டும் என்பது உண்மைதான். வருடத்தில் பாதி நாள் மேல்தொட்டித் தண்ணீரே சுடுகிற ஊரில், காசு போட்டு வெந்நீர் எதற்கு என்று கேட்பார்கள். வாங்கியவர்களும் சித்திரை வந்துவிட்டால் கண்ணாடிக் குழாய்களின் மேல் சாக்கைப் போட்டு மூடி வைப்பார்கள், தண்ணீர் கொதித்துவிடக் கூடாது என்று. அரியலூர்ப் பக்கம் போனால் இன்னொரு தொல்லை. சுண்ணாம்புக்கல் பூமி. அந்தத் தண்ணீரில் இருக்கிற உப்பு குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் வெயில் காலத்தில் என் வேலை. தளம் காலைச் சுடும். போன வெயிலில் அரியலூரில் ஒரு மாடியில் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டுக்காரம்மாள் மேலே வந்து மோர் கொடுத்து, நிழலுக்கு அழைத்துப் போனார். அன்றிலிருந்து என் மனைவி, "இந்த மாடி ஏறுற வேலைய விட்டுடுங்க, இல்லாட்டி குளுந்த ஊரா பாத்து போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

குளிர்ந்த ஊர் தானாகவே கூப்பிட்டது. என் மாமனாருக்குத் தம்பி முறையில் ஒரு பங்காளி உண்டு. எங்களுக்கும் அவர் மாமாதான். ஊட்டியைத் தாண்டி இன்னும் மேலே ஒரு லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். மார்கழி பிறந்த சமயத்தில் அவரிடமிருந்து ஃபோன் வந்தது. கடையில் வைத்து, நாங்கள் இருவரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார் சகலை.

"மாப்ளே, மாடியில சோலாரு போட்டேன். மெட்ராஸ்காரன் வந்து தங்குனா சுடுதண்ணி வருது. நம்ம ஊரு கூட்டம் பஸ் புடிச்சி வந்தா வர மாட்டேங்குது. ஹீட்டருக்கும் ஊரு பாத்து ஓரவஞ்சன உண்டா?"

"உங்க குணம் அதுக்கும் வந்திருக்கும் மாமா" என்றார் சகலை.

மாமா இருமி இருமிச் சிரித்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு பேரும் வந்து பாருங்க. எனக்கும் முட்டி வலி, மாடி ஏற முடியல. உங்கள்ல ஒருத்தரு குடும்பத்தோட இங்கயே தங்கி லாட்ஜ பாத்துக்குங்க. பின்னாடி வூடு சும்மாத்தான் கெடக்கு."

அந்த வீடு எனக்குத்தான் என்று நான் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். ஹீட்டர் வேலை தெரிந்தவன் நான். மூத்த மருமகனும் நான். சகலைக்கு மலை எதற்கு? அவர் வெயிலில் நிற்பதே இல்லையே. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் பெட்டியைத் திறந்து பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் தேடி எடுத்து வெயிலில் காயப்போட்டாள். மார்கழியிலும் எங்கள் ஊரில் அதைக் காயவைக்கும் அளவுக்கு வெயில் இருந்தது.

நானும் சகலையும் மலைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் லாட்ஜின் முன்னால் இருந்த புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. எங்கள் ஊர் ஹீட்டரில் படிகிற உப்பு மாதிரியே இருந்தது. தொட்டேன், விரலில் கரைந்து போனது. நான் அதுவரை உறைபனியைப் பார்த்ததில்லை. சகலையும் பார்த்ததில்லை. அவர் அதற்குள் பால்காரரோடு பேச்சுக் கொடுத்து, எந்த மாதம் வரை பனி விழும், எந்தக் கடையில் கம்பளி நன்றாக இருக்கும் என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

நான் மாடிக்குப் போனேன். தெற்குப் பார்த்துச் சாய்ந்த கண்ணாடிக் குழாய்கள், அவற்றின் தலைமாட்டில் டேங்க். எங்கள் ஊரில் மாட்டுவதைவிடக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். டேங்கின் மூடியைத் திறந்தேன், ஆவி வந்தது. உள்ளே தண்ணீர் நன்றாகவே சுட்டது. ஆனால் கீழே எந்த அறையிலும் குழாயில் சொட்டுக்கூட வரவில்லை. டேங்குக்குள் பச்சைத் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் வெந்நீர் கீழே இறங்கும். அந்தப் பச்சைத் தண்ணீர் பைப் தளத்தின் மேல் வெட்டவெளியில் கிடந்தது. முந்தின இரவு விழுந்த பனியில் உள்ளே தண்ணீர் உறைந்து கெட்டியாகிவிட்டிருந்தது. மாமா சொன்ன ஓரவஞ்சனை இதுவல்ல, இது எந்த ஊர்க்காரருக்கும் பொது. வெயில் ஏறி, அது இளகிய பிறகுதான் வெந்நீர் வந்தது. அதற்குள் குளிக்க வேண்டியவர்கள் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

டவுனுக்குப் போய் ரப்பர் உறை வாங்கி வந்து பைப் முழுவதும் சுற்றினேன். அதன் மேல் சாக்கைக் கட்டினேன். ஊரில் வெயிலுக்குப் போர்த்துகிற சாக்கு, இங்கே பனிக்கு. வெந்நீர் இறங்குகிற பைப்புக்கும் உறை போட்டேன். மலை வெயில் முதுகில் விழுந்தது, ஆனால் சுடவில்லை. சட்டை நனையாமல் ஒரு நாள் முழுவதும் மாடியில் வேலை செய்தது எனக்கு அதுதான் முதல் தடவை. வேலையை முடித்துவிட்டுப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்தேன். தகரக் கூரை, ஒரு அறை, சமையல் கட்டு, வாசலில் பெயர் தெரியாத நீலப் பூ. என் மனைவி அங்கே நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் எல்லா அறையிலும் வெந்நீர் வந்தது. மாமா வந்து குழாயில் கையை நீட்டிப் பார்த்தார். "நல்ல வேல மாப்ளே" என்றார். அந்தச் சொல்லை நான் அன்று முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. மகளிர் குழுப் பெண்கள், சுற்றுலா. இறங்கும்போதே மலையெல்லாம் எதிரொலிக்கிற சத்தம். "அடியே, என்னாடி இது ஐஸ் பொட்டிக்குள்ள எறக்கி வுட்டுட்டான்" என்று ஒரு அம்மாள் சொன்னது மாடியில் இருந்த எனக்குக் கேட்டது. எல்லாரும் அறைகளுக்குள் போனார்கள். சிறிது நேரத்தில் மாடி டேங்குக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

எனக்குச் சந்தேகம் வந்து கீழே இறங்கினேன். வராந்தாவில் வரிசையாக வாளிகள். எல்லாவற்றிலும் வெந்நீர், தளும்பத் தளும்ப. சில வாளிகளைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். ஒரு அறை வாசலில் குப்பைக் கூடையைக் கழுவி அதிலும் பிடித்து வைத்திருந்தார்கள். பார்த்தவுடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் ஊர்களில் குழாயில் தண்ணீர் தினமும் வராது. வந்தால் வீட்டில் இருக்கிற பாத்திரம் அத்தனையையும் நிரப்பி வைத்துவிட வேண்டும். அது யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்வதல்ல, கை தானாகச் செய்யும். பகல் முழுவதும் காய்ந்த வெந்நீர் சாயங்காலமே வாளிக்கு வந்துவிட்டது. டேங்கில் பச்சைத் தண்ணீர் ஏறிவிட்டது. இனி வெயில் கிடையாது. விடிகாலையில் அவர்கள் குளிக்க எழுந்திருக்கும்போது வாளித் தண்ணீரும் ஐஸ், குழாய்த் தண்ணீரும் ஐஸ். மெட்ராஸ்காரன் வாளியில் பிடித்து வைப்பதில்லை. ஓரவஞ்சனை இவ்வளவுதான்.

இன்னும் நேரம் கெட்டுப்போகவில்லை. பிடித்த தண்ணீரை அப்போதே ஊற்றிக்கொண்டால் பாதிப் பேர் குளித்து முடித்துவிடலாம். பாக்கி அறைகளில் குழாயை மூடச் சொன்னால் டேங்கில் இருக்கிற மிச்சச் சூடு காலைக்கு மற்றவர்களுக்கு ஆகும். இதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு அறை வாசல் வரை போனேன். உள்ளே பெண்கள் முடியை அவிழ்த்துக்கொண்டு, கம்பளியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "என்னாண்ணே, டீயா?" என்றாள். நான் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். திரும்பவும் போனேன். கதவு சாத்தியிருந்தது. கதவைத் தட்டி, குளிக்கிற விஷயத்தைப் பெண்பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

சமையல் கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த சகலையிடம் போய்ச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அட, ஆமாங்க சகலை. எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்று எழுந்து, நேராக வராந்தாவுக்குப் போய் நடுவில் நின்றார்.

"அக்கா, தங்கச்சி, எல்லாரும் செத்த வெளிய வாங்க. இங்க தண்ணி புடிச்சி வெச்சா காலையில ஆணி அடிக்கலாம் அதுல. புடிச்சவங்க எல்லாம் இப்பவே ஊத்திக்குங்க."

ஒரு வயதான அம்மாள் முன்னால் வந்தார். "வெளக்கு வெக்கிற நேரத்துல குளிக்கச் சொல்றியே தம்பி, நாங்க என்னா எழவு வூட்டுக்குப் போயிட்டா வந்திருக்கோம்?"

கூட்டம் முழுவதும் ஆமாம் ஆமாம் என்றது. என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் நான் அங்கேயே ஊமையாகியிருப்பேன். சகலை யோசிக்கக்கூட இல்லை.

"ஆத்தா, செந்துறையிலேருந்து இங்க வர்றதுக்குள்ள எத்தன ஊரு தாண்டி வந்தீங்க? அதுல ஒரு ஊருலயாவது எழவு வுழுந்திருக்காதா? பஸ்ஸு அந்தத் தெரு வழியா வந்திருந்தா தீட்டுதான?"

அந்த அம்மாள் முதலில் சிரிக்கவில்லை. "நாமக்கல்லு தாண்டி ஒரு சவ ஊர்வலம் போச்சுடி" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு வராந்தாவே சிரித்தது. "இவன் வாய வெச்சே ஒல கொதிக்க வெச்சிருவான்டி" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள்தான் முதலில் வாளியைத் தூக்கினார். கீழ் அறைக்காரர்கள் அப்போதே குளித்தார்கள். மேல் அறைக்காரர்கள் குழாயை மூடினார்கள். காலையில் அவர்களுக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாகவாவது வந்தது. போகும்போது ஆளுக்கு ஆள் சகலையோடு நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஃபோட்டோவை எடுத்துக் கொடுத்தது நான்.

மாமா இதையெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சகலை அவரிடம், "மாமா, வெசயத்த கண்டுபுடிச்சது பெரிய மாப்ளதான். நான் வாயத்தான் வாடகைக்குக் குடுத்தேன்" என்றார். ஒளிக்காமல், எல்லார் முன்னாலும் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் அதை மறைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். ஊருக்கு வந்து ஆயுசுக்கும் சொல்லிக் காட்ட ஒன்று கிடைத்திருக்கும்.

மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னார்: "மாப்ளே, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. பைப்பு ஒடஞ்சா கோயமுத்தூருக்கு ஃபோன் போட்டா ஆளு வந்துருவான். இந்தக் கூட்டத்துக்கு எவன் வருவான்? சின்ன மாப்ள இங்க இருக்கட்டும்."

நான், "சரிங்க மாமா" என்றேன். எனக்கும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. ரசம் ஊற்றிக்கொண்டேன். சகலை என் முகத்தையே பார்த்தார். "சகலை, உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, நான் மாமாகிட்ட பேசுறேன்" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்கவும் செய்தார். எனக்கு வேண்டியதை எனக்காகக் கேட்டு வாங்கிக் கொடுக்கவும் அவரே வேண்டியிருந்தது. "எனக்கு மலை ஒத்துக்காதுங்க. காது அடைக்குது" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்தாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

தை பிறந்ததும் சகலை குடும்பத்தோடு மலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு என் கொழுந்தியாள் தினமும் ஸ்டேட்டஸ் வைத்தாள். மூடுபனியில் டீ டம்ளர். பனிக் குல்லாய் போட்ட பிள்ளைகள். வாசலில் அந்த நீலப் பூ. என் மனைவி சமையலுக்கு நடுவில் அதையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு பார்ப்பேன். சித்திரையில் வேப்பந்தட்டையில் ஒரு மாடியில் நின்று குழாய்க்குச் சாக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது சகலை ஃபோன் செய்தார். கண்ணாடிக் குழாய் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். சொன்னேன். பின்னால் மழை பெய்கிற சத்தம் கேட்டது.

"அங்க மழையா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சகலை, வெயிலே இல்ல. ஹீட்டரு ஒக்காந்துருக்கு, கரண்டுலதான் சுட வெக்கிறோம். உங்க வெயில்ல கொஞ்சம் அனுப்பி வுடுங்க."

அனுப்ப முடிந்தால் அந்தச் சித்திரை வெயில் மொத்தத்தையும் அவர் தலையில் கொட்டியிருப்பேன். "நல்லது, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டேன். இருந்தாலும் அடுத்தடுத்து அவர் ஃபோன் செய்யாத வாரங்களில், ஹீட்டர் சரியாக ஓடுகிறதே என்று அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்பு செந்துறையில் மாமனார் வீட்டு மாடியில் நான் ஒரு ஹீட்டர் மாட்டினேன். கடையில் ஒருவர் திருப்பிக் கொடுத்த பழசு. குழாய்களைச் சுரண்டிக் கழுவிப் புதிது மாதிரி ஆக்கியிருந்தேன். இனி அண்டா வேண்டாம் என்று மாமியாரிடம் சொன்னேன். மழைக் காலம்தான், ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் நல்ல வெயில் அடித்தது. சாயங்காலம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் மாடிக்குப் போய் வெந்நீர் வால்வை மூடிவிட்டு வந்தேன். வாளியில் பிடித்து வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

விடிகாலையில் போய்த் திறந்துவிட்டேன். எல்லாரும் தலையில் எண்ணெயோடு நின்றார்கள். சகலை இரவே மலையிலிருந்து வந்திருந்தார். உடம்பு வெளுத்து, கன்னம் சிவந்து, வேறு ஆள் மாதிரி இருந்தார். நான் வழக்கம்போல முருங்கை மரத்துக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் இந்தத் தடவை என் வாளி என் கையில் இருந்தது.

மாமியார் குளியலறைக் குழாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா சுடுதே" என்றார். திரும்பி, "சின்ன மாப்ள மொதல்ல குளிக்கட்டும். குளுருலேருந்து வந்த ஒடம்பு" என்றார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"ஐயோ அத்தை, சுடுதண்ணியில குளிச்சி குளிச்சி எனக்குத் தோலே ஊறிப்போச்சு" என்றார் சகலை. "எனக்கு மோட்டார் தண்ணி போதும். அதுக்குத்தான் அங்கேருந்து ஓடி வந்தேன். சகலை குளிக்கட்டும், அவரு போட்ட ஹீட்டரு."

"தீவாளி அன்னிக்குப் பச்சத் தண்ணியிலயா?" என்று மாமியார் கோபித்துக்கொண்டார். சாஸ்திரத்துக்கு ஒரு சொம்பு வெந்நீரை வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டு சகலை கொல்லைப் பக்கம் நடந்தார். பிள்ளைகள் எல்லாம் அவர் பின்னால் ஓடினார்கள். என் பிள்ளைகளும் ஓடினார்கள்.

முதல் வாளியை நான் ஊற்றிக்கொண்டேன். தண்ணீர் நன்றாகவே சுட்டது. என் கையால் மாட்டிய ஹீட்டர், நான் மூடிக் காப்பாற்றிய சூடு. எண்ணெய் கரைந்து ஓடியது. ஆனால் காது முழுவதும் கொல்லையில்தான் இருந்தது. மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம், அதற்கு மேல் பிள்ளைகளின் கூச்சல், அதற்கும் மேல் அவர் குரல். யாரையோ தூக்கித் தொட்டிக்குள் போடுகிறார் போல.

துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். "சூடா இருந்துச்சாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"இருந்துச்சு."

கால் என்னமோ கொல்லைப் பக்கம்தான் போனது. வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பைப்பின் வாயிலிருந்து தண்ணீர் தடியாக விழுந்துகொண்டிருந்தது. அதன் கீழே தொட்டிக்குள் சகலை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, கையை நீட்டினார்.

"வாங்க சகலை, எறங்குங்க. என்னா சொகமா இருக்குது தெரியுமா?"

"நான் குளிச்சாச்சு" என்றேன்.